ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்த தேனீக்கள்

ஊருக்கெல்லாம் புத்தி எழுதுகிறவன் தான் எழுதியதைப் படிப்பதே இல்லை. இது என் மனைவி ஸ்டெல்லாவின் தீர்ப்பு. அவள் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கேத்திப் பக்கம் எங்கள் தேனீ வளர்ப்போர் சங்கத்துக்கு அப்போது நான்தான் செயலாளர். (பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று தலையில் கட்டிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் கையெழுத்துக்கு என்ன வேலை என்று யாரும் யோசிக்கவில்லை.) மாதாமாதம் சங்கச் செய்தி போடுவேன். யார் வீட்டில் தேன் எடுத்தார்கள், அடுத்த கூட்டம் எங்கே, அதோடு நாலு நினைவூட்டல். 'மழைக்காலத்தில் பெட்டியைச் சும்மா சும்மா திறக்காதீர்கள், உள்ளே குளிர் தாக்கும். பெட்டிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள், எறும்பு ஏறாது. வாசலில் தேனீ போக வர இருக்கிறதா என்று கவனியுங்கள்.' இதில் முதலாவதை மட்டும் நான் உயிரைக் கொடுத்துக் கடைப்பிடித்தேன்.

அந்த வருடம் மழை விடவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டீ டம்ளரோடு கொல்லையில் பெட்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பனிமூட்டம் இறங்கும். எதிர்ச்சரிவு மறையும், கேரட் தோட்டம் மறையும், கடைசியில் என் கால் செருப்பும் மறையும். அப்போது கேட்கும் அந்த ரீங்காரம். ம்ம்ம்ம் என்று ஒரே சுருதியில். கண்ணை மூடினால் அத்தனை சிறகுகளும் எனக்காகவே அசைவதுபோல் இருக்கும். அப்படியே சொக்கிப்போய்க் கிடப்பேன். பெட்டி வாசலோரம் கொட்டாங்குச்சியில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பேன். மழை ஓய்ந்த நேரத்தில் தேனீக்கள் வந்து குடிக்கும். பெற்ற பிள்ளை சாப்பிடுவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஏனுங்க, ரேஷன் சர்க்கரை பூராவும் அங்கதான் போகுது. நாம வெல்லம் போட்டு டீ குடிக்கறோம்," என்பாள் ஸ்டெல்லா.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரீங்காரம் இருக்காது. சர்ச்சுக்குப் போய்வந்து உட்கார்ந்தால் பெட்டி கப்சிப். எனக்குப் புல்லரித்துப்போனது. 'செயலாளரின் கண்டுபிடிப்பு: தேனீக்களும் ஓய்வு நாளை அனுசரிக்கின்றன' என்று சங்கச் செய்தியில் போட்டு, கைகூப்பி நிற்கும் தேனீ ஒன்றையும் வரைந்து அனுப்பினேன். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பெருமை தாங்காமல் அடுத்த செய்தியையும் போட்டேன். 'என் தேனீக்கூட்டம் பலமாக இருக்கிறது. மழை முடிந்ததும் பிரித்து, புது உறுப்பினர் செல்வராணிக்கு இலவசமாகத் தரப்படும்.'

செல்வராணி மஞ்சூர்ப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். தேனீ வளர்க்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. மழை ஓய்ந்ததும் நான் சொன்ன நாளில் லீவு போட்டுவிட்டு, காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். பெட்டிக்குப் பச்சை பெயின்ட் அடித்து, உள்ளே தேன்மெழுகு தடவி, குடிவைக்கத் தயாராகக் கொண்டுவந்திருந்தார். சங்கத்தாரும் வந்துவிட்டார்கள், கீழ்வீட்டுக்காரரும் சங்கத் தலைவருமான போஜண்ணன் உட்பட.

"தெறக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் கண்ணை மூடிக் கேளுங்க," என்றேன்.

எல்லோரும் பெட்டியைச் சுற்றிக் குனிந்தார்கள். ம்ம்ம்ம். "ஆஹா!" என்றார் ஒருவர். செல்வராணி முகமெல்லாம் சிரிப்பு.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. சமையலறை விளக்கு அணைந்தது. கூடவே தேனீக்களும் நின்றன.

கொஞ்ச நேரத்தில் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் டீ ஃபேக்டரியின் ஜெனரேட்டர் டபடபவென்று உறுமியது. இலை வாட்டுகிற பெரிய ஃபேன்கள் மறுபடி சுற்ற ஆரம்பித்தன. ம்ம்ம்ம்.

ஜன்னலிலிருந்து ஸ்டெல்லா கேட்டாள். "ஏனுங்க, உங்க தேனீ ஜெனரேட்டர்லயா ஓடுது?"

(ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரிக்கு லீவு. அதையும் நானே சொல்ல வேண்டுமா?)

போஜண்ணன் மூடியைத் தூக்கினார். உள்ளே நூலாம்படை, அந்துப்பூச்சி அரித்த அடைகள், ஒரு பல்லி. என் தேனீக்கள் மழை தொடங்கியபோதே வேறு இடம் பார்த்துப் போயிருக்க வேண்டும். செல்வராணி திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்லீங்க சார்," என்று சொல்லிவிட்டு, தூசே இல்லாத தன் பெட்டியை முந்தானையால் துடைத்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

போஜண்ணன் மட்டும் கொட்டாங்குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் குடித்த தேனீக்கள் எழும்பி, நேராகக் கீழே அவர் வீட்டுப் பக்கம் பறந்தன.

"அட மாஸ்டரே! இந்த மழையில எல்லார் பொட்டியும் மெலிஞ்சு கெடக்க, என்னுது மட்டும் எப்படிக் கொழுத்துச்சுன்னு மண்டையை ஒடச்சுக்கிட்டு இருந்தேன். சோறு போட்டது நீங்கதானா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப உங்க பங்கு எங்கிட்டத்தான் இருக்குது. வாம்மா செல்வராணி, பொட்டியத் தூக்கு."

சாயங்காலம் போஜண்ணனின் கூட்டத்தைப் பிரித்து, பச்சைப் பெட்டியில் குடிவைத்து, வாசலுக்கு வலை கட்டி மஞ்சூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஜன்னலோரம் செல்வராணி பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது சங்கச் செய்தி போடுவது செல்வராணி. (படம் மட்டும் நான்.) போன வருடம் தன் கூட்டத்தைப் பிரித்து எனக்கும் ஒன்று கொண்டுவந்து தந்தார்.

போன வாரம் ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. "அப்பா, தேனீ நின்னுபோச்சு!" என்று உள்ளேயிருந்து மகள் கத்தினாள். கரண்ட் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டில் இதுதான் கூப்பாடு. ஃபேக்டரி ஜெனரேட்டர் என்ன கோளாறோ, அன்றைக்கு ஓடவில்லை. பனிமூட்டத்துக்குள் பள்ளத்தாக்கே தூங்கிப்போனது. நான் பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே மெல்ல, ஏறியும் இறங்கியும், ஏதோ பேசிக்கொள்வதுபோல் ஒரு சத்தம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓடிப்போய் ஸ்டெல்லாவைக் கூட்டிவந்தேன்.

அவளும் காதை வைத்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் கேட்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எப்பங்க இதுக்கு இன்வெர்ட்டர் போட்டீங்க?"