தாய்மாமன் அனுப்பிய லண்டன் கோல்

சித்தையன்கோட்டை,
1958 ஆவணி.

மலைமேல் எஸ்டேட் கிளப்பில் துரைமார்களுக்குக் காப்பி கொடுக்கும் உத்தியோகத்தில் சிறப்புற்று விளங்கும் மைத்துனர் சோலைமுத்து அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் அக்காள் பழனியம்மாளைக் கட்டிய சடையாண்டி எழுதிக்கொண்டது. இங்கே நான், தங்கள் அக்காள், மகள் சண்முகவள்ளி, கறவை மாடு எல்லோரும் சுகம். தங்கள் சுகத்துக்கும், தங்கள் கோபத்தின் சுகத்துக்கும் பதில் போடவும். ('தாங்கள்' போடச் சொன்னது உன் அக்காள். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். இனி நீ என்றே எழுதுகிறேன், மாப்பிள்ளை.)

முதலில் என் நன்றியைப் பிடித்துக்கொள். எங்கள் புது வீட்டுப் பால்காய்ச்சலன்று உன் இலைக்கு வரும்போது கத்திரிக்காய் வெஞ்சனம் தீர்ந்துபோனதும், நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து, இனி இந்த வாசப்படியை மிதிப்பதில்லை என்று மலையேறிவிட்டதும் ஊருக்கே தெரியும். இப்போது வள்ளிக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வருவானா, அவன் வராவிட்டாலும் சீராவது வருமா என்று உன் அக்காள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நிலையில்தான் ஒட்டன்சத்திரம் சந்தையில் லாரி டிரைவர் அப்பாஸ் என்னைக் கூப்பிட்டு, "இந்தாங்க, உங்க மச்சினன் குடுத்துவிட்ட சீரு" என்று ஒரு நீளமான தகரக் குழாயைக் கையில் கொடுத்தார். அதைப் பார்த்ததும் உன் அக்காள் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன், ஆனால் நான் மூடியைத் திறந்த பிறகு.

உள்ளே ஒரு கோல் இரண்டு துண்டாக இருந்தது. ஒன்றில் ஒன்றைத் திருகினால் ஆளுயரத்துக்கு ஒரே கோலாகிறது. அடி தடிமன், நுனி ஒல்லி, நுனியில் பொட்டு வைத்தாற்போல் ஒரு தோல். அடியில் ஒரு வெள்ளைத் தகடு, அதில் தேய்ந்துபோன இங்கிலீசு எழுத்து. கூடவே நீல நிறத்தில் ஒரு சின்னக் கட்டி. நீ அக்காளை நினைத்து வேட்டிக்குப் போடும் நீலமும் வைத்திருக்கிறாய் என்று அவள் மனம் உருகி, அன்றைக்கே என் வெள்ளை வேட்டியை அதில் அலசினாள். அது கரையவில்லை, திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டது. சந்தையில் நான் போன பக்கமெல்லாம், என்ன வியாதி என்று விசாரித்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் பங்காளி கருப்புசாமி வந்து கோலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏலே சடையாண்டி, இது அடிக்கிற கோலுடா. சீருல கோல வச்சு அனுப்புனா என்ன அர்த்தம்? ஒறவ அடிச்சு வெரட்டிட்டான்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக ஒரு செம்பு மோர் குடித்துவிட்டுப் போனான். உன் அக்காள் அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. "எந்தம்பி அப்பிடிச் செய்வானா? இது என்ன கோலு, யாரு செஞ்சது, என்ன பெறும், அம்புட்டையும் கேட்டுட்டு வாங்க. தெரியாம இத நான் சபையில வைக்க மாட்டேன்" என்றாள்.

ஆகவே திண்டுக்கல்லுக்குப் புறப்பட்டேன். ஆசையாகத் திருகிய கோலைத் திரும்பக் கழற்ற எனக்குத் தெரியவில்லை. முழுக் கோலோடு பஸ் ஏறினேன். ஒரு முனை கண்டக்டரின் பைக்குள் போயிற்று, மறுமுனை ஒரு அம்மாளின் கோழிக்கூடைக்குள் போயிற்று, கோழி வெளியே வந்தது. அதைப் பிடிக்க எல்லோரும் எழுந்ததால் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அதற்கும் உனக்கே நன்றி.

திண்டுக்கல்லில் தோல் மண்டி சௌகத் அலி பாயைத் தெரியுமல்லவா, வியாபாரத்துக்கு அடிக்கடி மெட்ராஸ் போகிறவர். அவர் எடுத்த எடுப்பில் நுனியில் இருந்த தோலைத்தான் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "நல்ல தோலு" என்றார். பிறகு சிரித்தார். "இது ஆள அடிக்கிற கோல் இல்லீங்க. பச்சைத் துணி விரிச்ச பெரிய மேசையில பந்தைத் தள்ளுற கோலு. பில்லியர்ட்ஸுன்னு பேரு. மெட்ராஸ்ல தோல் ஏத்துற கம்பெனி துரை ஒருத்தர் இதைப் புள்ளை மாதிரி வச்சிருப்பாரு. அந்த நீலக்கட்டி நுனியில தேய்க்கிற சுண்ணாம்பு" என்று சொல்லி என் வேட்டியைச் செத்த நேரம் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டேன். பூதக்கண்ணாடி வைத்துத் தகட்டைப் படித்தார். பேர் தேய்ந்துவிட்டது, 'சன்ஸ், லண்டன்' என்பது மட்டும் மிச்சம். தகப்பனும் மகன்களும் சேர்ந்து நடத்துகிற பட்டறையாம். எனக்கு உயிர் வந்தது. ஒரே குடும்பம் கூடிச் செய்த பொருள் எப்படி உறவைப் பிரிக்கும்? பெறுமானம் கேட்டேன். "அடியில கருங்காலி மரம் மேல் மரத்தோட சேர்ற எடத்தப் பாருங்க. முனை வளைஞ்சு வளைஞ்சு இருக்கு, கையால கோத்தது. மெஷின்னா ஊசி ஊசியா இருக்கும். வாங்குற ஆளு கெடைச்சா ஒரு சோடி உழவு மாடு பெறும்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

காதுகுத்து எங்கள் குலசாமி கோயிலில் இனிதே நிறைவேறியது. தாய்மாமன் மடி இல்லையே என்று பெரியவர்கள் யோசித்தபோது, சீர் வந்ததே மாமன் வந்த மாதிரி என்று நான்தான் பேசினேன். உன் அக்காள் மடியில் வள்ளியை வைத்து, கோலைப் பிள்ளை கையில் கொடுத்து, "தாய்மாமன் சீரு, லண்டன் கோலு, ஒரு சோடி உழவு மாடு பெறும்" என்று சபையில் ஓர் ஆளைக் கூவச் சொன்னேன். கருப்புசாமி வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. உன் அக்காள் முகத்தை அன்று நீ பார்த்திருக்க வேண்டும், மாப்பிள்ளை. கட்டி வந்த நாளிலிருந்து அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. காது குத்த வந்த ஆசாரிக்குத்தான் லேசான காயம்.

வர முடியவில்லையே என்று நீ வருந்தாதே. உன் சீர் வந்தது, எங்களுக்கு அது போதும். அந்தக் கோலை எங்கள் தலைமுறை உள்ளவரை வீட்டை விட்டு வெளியேற்ற மாட்டோம். குலசாமி உன்னைக் குளிரிலிருந்தும் அட்டைக்கடியிலிருந்தும் காப்பாற்றட்டும். உன் துரைக்கும் என் கும்பிடு.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள
சடையாண்டி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குச் சோற்றுப்பருக்கை எடுக்கும்போது அப்பாஸ் வந்து வாசலில் நிற்கிறார். கோல் உன் துரையுடையதாம். பழுது பார்க்கக் கோயமுத்தூர்ப் பட்டறைக்கு நீ கொடுத்தனுப்பியதாம். வள்ளிக்கு நீ அனுப்பிய பட்டுப்பாவாடையும் தோடும் அதோடு கொடுத்த துணி மூட்டையில் இருந்ததாம். "நல்லா இருக்குற தகரக் குழாய்தான் சீருன்னு நெனச்சுட்டேனுங்க, மூட்டை பட்டறைக்குப் போயிருச்சுங்க" என்கிறார். கோல் வராவிட்டால் உன் வேலை போய்விடும் என்றும் சொல்கிறார்.

கொடுத்துவிடலாம் என்று நான் எழுந்தேன். உன் அக்காள் கோலை மடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஊரறிய வாங்குன சீர டிரைவர் கையில குடுக்க மாட்டேன். எந்தம்பி வந்து கையால வாங்கிட்டுப் போகட்டும்."

மேலே இனிதே என்று எழுதியதையும் திருத்திக்கொள். ஊசி பட்டதும் வள்ளி கோலைச் சுழற்றி ஆசாரியின் நெற்றியில் ஒன்று வைத்தாள். அவர் சாமானைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். குத்தியது ஒரு காதுதான்.

மறு காதுக்கு உன் மடி வேண்டும், மாப்பிள்ளை. கத்திரிக்காய் பறித்தாயிற்று. முதல் இலை உனக்கு.