விறகுச் சூளைக் கிண்ணமும் ஆம்பூர் ஃபினிஷிங்கும்

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் செய்வதுபோல் கண்ணை மூடி, இரு கைகளாலும் கிண்ணத்தை ஏந்தி, மூன்று முறை சுழற்றினான் சூரியபிரகாஷ். மூன்றாவது சுற்றில் அது மேசை விளிம்பில் மோதியது. கண்ணைத் திறந்தபோது கிண்ணம் கையிலும், அதன் சில்லு மடியிலும் இருந்தன.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதங்களைப் பார்ப்பவன் அவன். ஜப்பானிலிருந்து கூரியரில் கிண்ணம் வந்தபோது, முதலாளி அமீர் பாஷா குழம்பினார். "இன்னாபா இது, ஒரு பக்கம் கருகிப் போயிருக்கு?"

"விறகுச் சூளைல சுட்டது பாய். சாம்பல் பட்டு வந்த அழகு. நம்ம மேல இருக்கிற மரியாதைக்கு அனுப்பின பரிசு."

மொழிபெயர்ப்பு நாவல்களில் அவன் நாற்பது முறையாவது ஜப்பானியத் தேநீர் குடித்திருக்கிறான்.

"அப்போ நீயே வெச்சுக்க. வெள்ளிக்கிழமை ஜப்பான்லேர்ந்து ஆர்டர் குடுக்க நகானோ வர்றப்ப அது மேசைல இருக்கணும். இல்லன்னா ஆர்டரும் இருக்காது, நீயும் இருக்க மாட்ட."

இன்று வெள்ளிக்கிழமை.

உடைந்ததைப் பொன்னால் ஒட்டுவார்கள் என்று ஒரு நாவலில் படித்திருந்தான். பொன் இல்லை. லேடீஸ் செருப்புக்கு ஒட்டும் தங்கக் கலர் ஃபாயில் இருந்தது. சொல்யூஷன் தடவினான். சில்லு ஒட்டியது, சொல்யூஷன் மண்ணில் ஊறி மஞ்சளாய்ப் பரவியது. தின்னரால் துடைத்தான். கறை பாதிக் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டது. தங்கம் அவன் மூக்கில் ஒட்டியிருந்தது.

ஃபினிஷிங் பக்கம் ஓடினான். "முத்துமாரிக்கா, என் வேலை போச்சு!"

"எதுக்குப்பா பேஜாராவற?" ஷூத் தோலில் இருக்கும் முள்ளுக்கீறல்களை இருபது வருஷமாக மறைத்து வருபவள் முத்துமாரி. கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தாள். "அந்த ஊர்ல செக்கிங்கே கிடையாதா? குடு இப்படி."

"அக்கா, லேசா... கறை மட்டும்..."

ஸ்ப்ரே சீறிவிட்டது. அதில் இருந்தது அன்றைய ஷூவுக்கான பிரவுன். கருகல், சாம்பல், கறை எல்லாம் ஒரே பிரவுன் ஆயின. மேலே மெழுகு பூசி, பிரஷும் போட்டாள்.

"இதுல முகம் பாத்துத் தலை சீவலாம்," என்றாள் பெருமையாக.

அழ நேரமில்லை. நகானோ வந்துவிட்டார். அந்தக் கிண்ணத்தை அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை; மெல்ல எடுத்தார். ரேக்கிலிருந்து அன்றைய பிரவுன் ஷூ ஒன்றையும் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் அருகருகே பிடித்தார். மாறி மாறித் திருப்பிப் பார்த்தார். சூரியபிரகாஷ் மனதுக்குள் ராஜினாமாக் கடிதம் எழுதினான். அதுவும் மொழிபெயர்ப்பு நடையிலேயே வந்தது.

சட்டென்று நகானோ அவனை நோக்கி இடுப்புவரை குனிந்து ஏதோ சொன்னார்.

மொழிபெயர்க்க வந்திருந்த பிரிசில்லா திரும்பினாள். "இந்தக் கலர்ல ஷூ வேணும்னு அவங்க டிசைனர் கம்பெனிக்கு ஒண்ணா நேரா அனுப்பின சாம்பிளாம் சார் இது, ஆறு கம்பெனி தலைகீழா நின்னும் வராத கலரை, நீங்க மட்டும் அச்சு அசலா கொண்டாந்துட்டீங்களாம்!"