கீரிக்குட்டியும் சுருள் குறியும்

ஒரு காட்டில், ஆற்றின் கரைக்கு ஒன்றாக, இரண்டு தேடுபெட்டிகள் இருந்தன. காட்டின் அழகை எல்லாம் வர்ணிக்க மாட்டேன். கதைக்கு அது வேண்டியதில்லை.

வெள்ளத்தில் யாராவது காணாமல் போனால், அடையாளத்தைக் குறிகளால் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். புள்ளி என்றால் ‘எந்த மிருகமானாலும்’. குறிக்குப் பின்னால் நட்சத்திரம் என்றால் ‘எத்தனை பேரானாலும்’. பொருந்துகிறவர்களைப் பெட்டி ஒலிபெருக்கியில் கூப்பிடும். இரண்டு கரைக்கும் ஒரே பொதுப் பட்டியல், ஒரே குறிகள்தான்.

கிழக்குக்கரைக் குரங்கு அங்குராசுக்கு அது போதவில்லை. தன் பெட்டியில் மட்டும் சுருள் குறி ஒன்றைச் சேர்த்தது. ‘அம்மா பக்கத்தில் இல்லாத’ என்று அர்த்தம். உண்மையைச் சொன்னால், நல்ல குறிதான்.

வெள்ளம் வந்தது. கீரி பேச்சித்தாயின் குட்டியை அடித்துக்கொண்டு போனது.

“ஒரு நிமிஷங்க்கா,” என்று அங்குராசு சுருள் போட்டுப் பக்கத்தில் ‘கீரி’ என்று எழுதியது. கிழக்கில் குட்டி இல்லை. பேச்சித்தாய் அதே சீட்டைக் கவ்விக்கொண்டு மேற்கே நீந்தியது.

மேற்குப் பெட்டிக்குச் சுருள் தெரியாது. தெரியாது என்றும் சொல்லவில்லை. “உடம்பில் சுருள் வரைந்த கீரி உடனே வரவும்!” என்று கத்தியது. ஒருவரும் வரவில்லை.

“இல்லைன்னா இல்லதாம்மா,” என்றது அந்தப் பெட்டியைக் கவனிக்கும் முள்ளம்பன்றி தவசி.

“யோவ், அதுக்கு அம்மா இல்லாத குட்டின்னு அர்த்தம்யா!”

“யாரு சொன்னா? பொதுப் பட்டியல்ல இருக்கா?”

பேச்சித்தாய் சீட்டைப் பிடுங்கி, எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டது. வெள்ளத்துக்குத் தப்பி மேற்கே ஒதுங்கியிருந்த முகாமே எழுந்து வந்தது. யானை, பாம்பு, நானூறு தவளை. கடைசியில் குட்டி.

“ஏன்டி முதல்லயே வரல?”

“எனக்குச் சுருள் இல்லையேம்மா.”

மறுவாரம் பஞ்சாயத்து. “சேர்க்கவே கூடாது,” என்றது தவசி. “சேர்த்தா என்ன தப்பு?” என்றது அங்குராசு. “புரியலைன்னா புரியலைன்னு சொல்ற பெட்டி குடுங்கய்யா,” என்றது பேச்சித்தாய். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அவரவர் கரைக்கு அவரவர் குறி என்று தீர்ப்பானது. தவசியும் அன்றே சுருள் குறி ஒன்றைச் சேர்த்தது, ‘ஈரமான’ என்ற அர்த்தத்தில்.

பேச்சித்தாய் வீட்டுக்குப் போய், சேற்றைக் குழைத்து, குட்டியின் முதுகில் ஒரு சுருள் வரைந்தது. அப்புறம் சுருள் கரையாமல் குட்டியை வயிறுவரை தண்ணீரில் முக்கி எடுத்தது.

நீதி: பெட்டியைத் திருத்த நாளாகும், பிள்ளையைத் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள்.