நைனாவை நான் தோற்கடித்த ஊர்

நல்ல குரல் வாய்த்தவர்களிடம் ஒரு கோளாறு உண்டு. தாங்கள் என்ன பேசுகிறோம் என்பதை அவர்கள் கேட்பதே இல்லை. எப்படிப் பேசுகிறோம் என்பதை மட்டும் கேட்டு, கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருப்பார்கள். இளவயதில் எனக்கு நல்ல குரல் இருந்தது. கூடவே சரித்திரத்தில் பி.ஏ. பட்டமும் இருந்தது. (வேலை மட்டும் இல்லை.) இப்படிப்பட்ட ஒருவன் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எழுபதுகளின் கடைசியில் வந்த ஒரு தேர்தலில் திருவண்ணாமலைப் பக்கத்து ஜனங்கள் கண்ணாரப் பார்த்தார்கள்.

எங்கள் எம்.எல்.ஏ.வை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'நைனா'தான். எங்கள் பக்கத்தில் நைனா என்றால் அப்பா. முதல் தேர்தலில் சுயேச்சையாகக் குடைச் சின்னத்தில் நின்றார், ஜெயித்தார். அடுத்த தேர்தலிலும் அதே குடை, அதே ஜெயம். மூன்றாவது தடவை ஒரு கட்சி ஆசையாகக் கூப்பிட்டதே என்று அதன் சின்னத்தில் நின்று மண்ணைக் கவ்வினார். "கூட்டமா போனா எனுக்கு ஆவாதுப்பா" என்று சொல்லிவிட்டு, நான்காவது தடவை மறுபடி சுயேச்சையாகவே மனுப் போட்டார். பழைய குடையைத்தான் கேட்டார். ஆனால் எதிர்த்து நின்ற அரிசி மில் முதலாளியும் குடையையே கேட்டிருந்தார். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் குடை மில்காரருக்குப் போய்விட்டது. நைனாவுக்குக் கிடைத்தது தராசு.

இவ்வளவு தெளிவாக இன்றைக்குச் சொல்கிறேனே, இது அன்றைக்கும் எனக்குத் தெரியும். அதுதான் வேதனை.

மலையடிவாரத்தில் இருக்கிற அடி அண்ணாமலை என்ற ஊரில் நைனாவுக்கு எல்லாமுமாக இருந்தவர் துரைசாமி. நிலம் நீச்சு உள்ளவர், கோபக்காரர், நைனாவுக்காக எதையும் செய்கிறவர். அவருடைய மகள் வசந்தாவைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் பார்த்தாகிவிட்டது. பெண்ணுக்கும் சம்மதம் என்று சொல்லியிருந்தார்கள். "வேலயில்லாத பையனுக்கு எப்டிங்க பொண்ணு குடுக்கறது?" என்று துரைசாமி மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் இடம் பிடிக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நானாகவே போய் நின்றேன்.

"மாமா, ஜீப்புல மைக் பிரச்சாரம் நான் பண்றேன்."

மேலும் கீழும் பார்த்தார். "பேசுவீங்களா தம்பி?"

பேசிக் காட்டினேன். அவர் வீட்டு மாடுகள் தீனியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தன.

"கொரலு நல்லாக்கீது. ஒண்ணே ஒண்ணு. நைனாவோட கதய கம்மியா சொல்லுங்க, சின்னத்த ஜாஸ்தி சொல்லுங்க. நாளைக்கு சாயங்காலம் அவரு நம்ம ஊருக்கு வராரு. வீட்டுக்கு வீடு சின்னத்தத் தூக்கிப் புடிச்சு வரவேற்பு குடுக்கணும்னு சொல்லிடுங்க."

"கவலையே படாதீங்க மாமா" என்றேன். (நான் இப்படிச் சொன்னால் கவலைப்பட ஆரம்பிக்க வேண்டும் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.)

மறுநாள் காலை காதர் பாய் ஓட்ட, ஜீப் அடி அண்ணாமலைக்குள் நுழைந்தது. அக்கினி வெயில். மலை கூடக் கொதித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. நான் மைக்கைப் பிடித்தேன். பிடித்ததும் என்னுள் இருந்த பி.ஏ. எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! முதல் தேர்தலில் நம் நைனா எந்தச் சின்னத்தில் நின்றார்? குடைச் சின்னம்! வென்றாரா இல்லையா? வென்றார்! அடுத்த தேர்தலில் எந்தச் சின்னம்? அதே குடை! வெயிலில் நிழல் தந்த குடை! மழையில் காத்து நின்ற குடை!"

குடை என்ற சொல்லில் ஒரு சுகம் இருக்கிறது. ஒலிபெருக்கியில் 'டை' என்று இழுத்தால் மலையில் மோதித் திரும்பி வரும். தராசில் அது இல்லை. 'சு' என்று முடிந்து காற்றுப்போன டயராகிவிடும். நான் தெருவுக்குத் தெரு குடையை இழுத்தேன். தோற்ற தேர்தலை நாசூக்காகத் தாண்டிக் குதித்தேன். குதித்த வேகத்தில் நேராகப் போய் விழுந்த இடம் இதுதான்: "ஆகவே, உங்கள் பொன்னான வாக்குகளைக் குடைச் சின்னத்தில் முத்திரையிட்டு, நம் நைனாவை மீண்டும் சட்டசபைக்கு அனுப்புங்கள்! மாலையில் நைனா வருகிறார். வீட்டுக்கு ஒரு குடை! விரித்துப் பிடித்து வரவேற்போம்!"

ஜனங்கள் கைதட்டினார்கள். ஏன் தட்ட மாட்டார்கள்? அவர்களுக்கு நைனா என்றாலே குடைதான். புதுச் சின்னத்தைப் பற்றிக் குழம்பிக் கிடந்தவர்களுக்கு நான் தெளிவு கொடுத்துவிட்டேன்.

டீக்கடை ஓரமாக மில்காரரின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓடி வந்து ஜீப்பை நிறுத்தி, கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்.

"பிரமாதங்க. தொண்ட காஞ்சிடப் போவுது, குடிங்க. அடுத்த தெருவுலயும் இதே மாதிரி பேசுங்க."

எதிரணியே என் பேச்சில் சொக்கிவிட்டது என்று எனக்குப் புல்லரித்தது. சோடாவைக் குடித்துவிட்டு அடுத்த தெருவில் இன்னும் நன்றாகப் பேசினேன்.

அந்தத் தெருவில்தான் வசந்தாவின் வீடு. தேர்தல் வேலையாக வெளியூர் போயிருந்த துரைசாமி சாயங்காலம்தான் திரும்புவார். அவள் வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தினாள். பிறகு அதைத் தாழ்த்தி இதை உயர்த்தினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல் திரும்பத் திரும்பச் செய்தாள். கட்டிக்கொள்ளப் போகிற பெண் நடுத்தெருவில் எனக்காக ஆடுகிறாள் என்றால் நான் என்ன செய்வேன்? நானும் கைகளை அதே மாதிரி ஆட்டிக் காட்டிவிட்டு, குடையை இன்னும் இரண்டு மாத்திரை கூட்டி இழுத்தேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். வெட்கம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் நைனாவின் திறந்த வண்டி வந்தது. முன்னால் துரைசாமி மாலையும் கையுமாக நின்றார். வண்டி முனை திரும்பியதும், ரோட்டின் இரண்டு பக்கமும் படபடவென்று குடைகள் விரிந்தன. கறுப்புக் குடை, பூப்போட்ட குடை, கம்பி முறிந்த குடை, தாழங்குடை! குடை இல்லாத வீட்டார் முறத்தைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்கள். "குடைச் சின்னம் வாழ்க! நைனா வாழ்க!" என்று ஊர் அதிர்ந்தது. மில்காரரின் ஆட்கள் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார்கள்.

துரைசாமியின் கையிலிருந்த மாலை நழுவி விழுந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்தக் கணத்தில்தான் வசந்தா ஆடியது என்ன ஆட்டம் என்று எனக்குப் புரிந்தது. காலையில் சோடா உடைத்துக் கொடுத்தது எதற்கு என்றும் புரிந்தது.

"பாய், நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றேன், அழாத குறையாக.

காதர் பாய் நிதானமாகச் சொன்னார். "நா கேட்டுக்கினுதான் இருந்தேன் சார். சின்னத்த மாத்திட்டாங்க போலக்கீதுன்னு நெனச்சேன். அவ்ளோ தைரியமா பேசினீங்க."

நைனா வண்டியில் எழுந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். குடைகளைப் பார்த்தார். கடைசியாக, ஜீப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த என்னைப் பார்த்தார். கையைத் தட்டிக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். மைக்கை வாங்காமலேயே பேச ஆரம்பித்தார்.

"எல்லாரும் கேளுங்க. இந்தத் தம்பி நல்லாத்தான் பேசிக்கீறாரு. ஆனா இந்தத் தேர்தலுக்குப் பேசல, பழைய தேர்தலுக்குப் பேசிட்டாரு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"குடய நா ரெண்டு தபா புடிச்சேன். இப்ப அது மில்லுக்காரருகிட்ட கீது. என் சின்னம் தராசு. வெயிலு தாழற வரைக்கும் குடய புடிச்சுக்கினு நில்லுங்க, தப்பில்ல. ஓட்ட மட்டும் தராசுல போடுங்க."

அப்படியும் குடைகள் மடங்கவில்லை. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அவர் பேசியது காதில் விழவே இல்லை. காலையில் என் குரல்தான் எல்லோர் காதிலும் கணீரென்று விழுந்திருந்தது.

தொகுதியில் நைனா ஜெயித்தார். மற்ற ஊர்களிலெல்லாம் தராசுக்கே ஓட்டு விழுந்திருந்தது. அடி அண்ணாமலைப் பெட்டியைப் பிரித்தபோது மட்டும் குடை குடையாகக் கொட்டியது. ஏஜென்டாக உட்கார்ந்திருந்த துரைசாமி வீட்டுக்கு வந்து, "அந்தப் பையன் இனிமே இந்த ஊரு எல்லய மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். வசந்தா சாப்பிட மாட்டேன் என்று படுத்துவிட்டாளாம். (அவள் இன்றுவரை இதை மறுக்கிறாள். வயிற்று வலி என்கிறாள்.)

நான் வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை. மைக் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டேன்.

கல்யாணப் பேச்சு நின்றுபோனதை யாரோ நைனாவிடம் சொல்லியிருக்கிறார்கள். வெற்றி ஊர்வலம் முடிந்த கையோடு, மாலையைக்கூடக் கழற்றாமல் அவர் துரைசாமி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்பா துரைசாமி, மில்லுக்காரன் இவ்ளோ செலவு பண்ணியும் ஒரு ஊரயும் சாய்க்க முடியல. இந்தத் தம்பி ஒரே காலையில சாய்ச்சிட்டாரு. இப்டி ஒரு வாய வெளிய உட்டு வைக்கலாமா? நாளைக்கே மில்லுக்காரன் கூப்புட்டுப்பான். பொண்ணக் குடுத்து நம்ம பக்கம் இழுத்துக்க."

துரைசாமி நைனாவின் பேச்சை ஒருநாளும் மீறியதில்லை. அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். நைனா நேரில் வந்து வாழ்த்தினார். "மைக்கு வேணாம்" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு, வெறும் வாயால் பேசினார்.

அதற்குப் பிறகு எண்பதுகளில் நடந்த தேர்தல்களிலும் அவர் ஜெயித்துக்கொண்டே இருந்தார். எனக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார் வேலை கிடைத்தது. மாமனார் வீட்டில் எனக்கு விழுந்த பெயர் 'எதிர்க்கட்சி மாப்ள'. கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்காத குறை, மற்றபடி எல்லா விசேஷத்திலும் அதுதான் என் பெயர்.

போன மாதம் அந்தக் குடும்பத்துக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் என் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்.

"மாமா, உங்களப் பத்தி நெறைய சொன்னாங்க. எந்த எலக்‌ஷன்ல நின்னீங்க?"

"நான் நிக்கவே இல்லம்மா" என்றேன்.

உள்ளேயிருந்து வசந்தாவின் குரல் வந்தது. "ஆமாம்மா. நிக்காமலே ஜெயிச்சாரு!"