முன்மாதிரிக் குடியிருப்பாளர்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டளவில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பொன்னாடை போர்த்தப்படாத மனித இனம் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது. அது வாடகைக்குக் குடியிருக்கும் இனம். பாடசாலை அதிபர்கள் போர்த்தப்பட்டார்கள். மாட்டு வைத்தியர் போர்த்தப்பட்டார். மண்ணெண்ணெய் வரிசையை நேராக நிறுத்தியமைக்காகச் சங்கக்கடை மனேச்சரும் போர்த்தப்பட்டார். இப்பெருங்குறையை நிவர்த்தி செய்யும் பொருட்டு, நீர்வேலி வீட்டுடைமையாளர் நலனோம்பு சபை கூடி, சிறந்த குடியிருப்பாளர் ஒருவரைத் தெரிந்து பாராட்டுவதென ஏகமனதாகத் தீர்மானித்தது.

சபைத் தலைவர் சோமசேகரம் ஓய்வுபெற்ற பிரதம லிகிதர், மனைவியை இழந்தவர், ஒழுங்கை மட்டும் இழக்காதவர். அவர் தெரிந்தெடுத்தது தம் வீட்டின் பின்பாதியில் குடியிருந்த கனகலிங்கத்தை. ஒரு குறையும் வாய்திறந்து சொல்லாதவர் என்பதே தகுதி. கனகலிங்கம் எப்படிச் சொல்லுவார்? காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து, அளவெட்டியிலிருந்தும் எழும்பி, இங்கே வந்து ஒதுங்கியவர். "இன்னொருக்கா மூட்டை கட்டச் சொன்னால், மூட்டைக்குள்ளை உங்களைத்தான் வைச்சுக் கட்டுவன்" என்று மனைவி மகாதேவி ஏற்கெனவே அறிவித்திருந்தாள்.

செய்தி கேட்டு அவள் அகப்பையோடு வெளியே வந்தாள்.

"என்னப்பா, திடீரெண்டு மாலையாம்?"

"கௌரவம் செய்யினமாம்."

"வேள்விக் கிடாய்க்கும் முதல் மாலைதான் போடுறவை."

விழா வாசிகசாலையில் நடந்தது. பாராட்டுரை பண்டிதர் ஆழ்வாப்பிள்ளையுடையது. பண்டிதரிடம் இருந்தது ஒரேயொரு பாராட்டுரை. இடமாற்றம் பெற்றுச் செல்லும் அதிபர்களுக்கென இயற்றப்பட்ட அதில் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார். இது அவர் குற்றமன்று. போகிறவரைப் பாராட்டுவதல்லாமல் இருக்கிறவரைப் பாராட்டும் வழக்கம் எம்மவரிடம் என்றுமே இருந்ததில்லை.

"எம்மையெல்லாம் பரிதவிக்கவிட்டு இன்று பிரிந்து செல்லும் பெருந்தகையே, கனகலிங்கம் அவர்களே! செல்லுமிடமெல்லாம் சிறப்புறுக!"

சபை வானதிரக் கரகோஷம் செய்தது. வடைத்தட்டு அப்பொழுதுதான் உள்ளே வந்தது.

மறுநாட்காலை கிணற்றடியில் வாளியும் கையுமாக நின்ற கனகலிங்கத்தைக் கண்டு சோமசேகரம் திடுக்கிட்டார்.

"தம்பி, நீர் இன்னும் போகேல்லையோ?"

"எங்கையண்ணை போறது?"

"பிரியாவிடை நடந்து முடிஞ்சுதெல்லே!"

"ஐயோ அண்ணை, அது பண்டிதர் வாய்தவறி..."

"பண்டிதருக்கு வாய் தவறலாம். ஊருக்குக் கை தவறுமோ? எல்லாரும் தட்டினவை. மாலை போட்டு அனுப்பின மனிசன் விடிய வாளியோடை நிண்டால், மாலைக்கு என்ன மரியாதை?"

சோமசேகரம் கெட்டவரல்லர். மாலை சூட்டப்பட்ட ஒருவர் மறுநாள் அதே கதிரைக்குத் திரும்பியதைத் தம் கந்தோர் உத்தியோக வாழ்நாளில் அவர் கண்டதேயில்லை. வார இறுதிக்குள் புறப்படும்படி அன்போடு கேட்டுக்கொண்டார்.

கனகலிங்கம் தலையில் கைவைத்துக் குந்தினார். மகாதேவி குந்தவில்லை.

"மாலை விழுந்தால் போகவேணுமெண்டால், அந்தாளுக்கும் ஒண்டைப் போடுறதுதானே?"

அவ்வண்ணமே, ஊரிலுள்ள குடியிருப்பாளரெல்லாம் ஒன்றுகூடிச் சிறந்த வீட்டுடைமையாளரைப் பாராட்டினர். ஆயுள் முழுவதும் பிறர் கழுத்துக்கு மாலை சூட்டியே களைத்த சோமசேகரம், தம் கழுத்தை வேண்டியதற்கு மேலாகவே தாழ்த்திக் கொடுத்தார். பண்டிதர் பெயரை மாற்றினார். "பிரிந்து செல்லும் பெருந்தகையே" என்ற இடத்தில் தலைவருடைய முகம் கறுத்தது. கரகோஷம் முன்னையதிலும் பெரிது. இம்முறை வடையோடு வாழைப்பழமும் வந்திருந்தது.

காலையில் இருவரும் கிணற்றடியில் சந்தித்தார்கள்.

"அண்ணை, நீங்களும் போகேல்லையோ?" என்றார் கனகலிங்கம், மிகுந்த பணிவோடு.

சோமசேகரம் துலாவை இறக்கி ஒரு வாளி தண்ணீர் அள்ளினார்.

"போகத்தான் வேணும், தம்பி. ஆனால் எவ்வளவு தூரமெண்டு பண்டிதர் சொல்லேல்லை."

அன்றே அவர் குடையும் சூட்கேசுமாகப் பின்பாதிக்குப் பிரிந்து சென்றார். கனகலிங்கம் குடும்பம் முன்பாதிக்குப் பிரிந்து சென்றது. ஒழுங்கு காப்பாற்றப்பட்டது. முன்வாசலால் புழங்குபவர் உடைமையாளர், பின்வாசலால் புழங்குபவர் குடியிருப்பாளர் என்பது சபையின் வரைவிலக்கணம். அதை இயற்றியவர் சோமசேகரமே.

ஐப்பசி மழை பிடித்தது. சோமசேகரம் தலையில் துவாயோடு வந்து முன்கதவைத் தட்டினார்.

"தம்பி, படுக்கைக்கு மேலை ஒழுகுது. உது எவ்வளவு காலமாய்?"

"நான் வந்த நாள் தொடக்கம், அண்ணை."

"ஓடுகளை ஒருக்கா மாத்துவிச்சால்..."

சாய்மனைக் கதிரையில் கிடந்த கனகலிங்கம் தொண்டையைச் செருமினார். இப்படியொரு குரல் தமக்குள் இருந்ததை அவரே அன்றுதான் அறிந்தார்.

"மழைக்குள்ளை ஓட்டிலை ஆள் ஏத்தேலாது. தை பிறக்கட்டும், பாப்பம்."

சோமசேகரம் நனைந்துகொண்டே பின்புறம் போனார். கதவைச் சாத்திவிட்டு வந்த மகாதேவி குரலைத் தாழ்த்தினாள்:

"எந்தநேரமும் குறைதான். உப்பிடிப்பட்ட சனத்தை வைச்சிருக்கேலாதப்பா. நல்ல குடும்பமாய் வேறை ஆரையும் பாருங்கோ."