ஆறு சின்னங்களும் ஒரு நப்பியும்

பயந்தவர்களில் இரண்டு வகை உண்டு. கேட்டால் சொல்லலாம் என்று பேசாமல் இருப்பவர்கள் ஒரு வகை. யாரும் கேட்பதற்கு முன்பே ஓடிப்போய்ச் சொல்லிவிடுபவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினர் கொழும்பில் ஓரளவு நிம்மதியாக இருக்கிறார்கள். நான் இரண்டாவது வகை.

என் மூத்த மகள் பிறந்த ஆறாம் நாள், அவளுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஆட்களின் பொலிஸ் பதிவில் அவளையும் சேர்த்துவிட்டேன்; சண்டைக் காலத்தில் கொழும்புத் தமிழர் எல்லோரும் எடுக்க வேண்டிய பதிவு அது. பெயர் என்ற இடத்தில் "குழந்தை" என்றும் தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்றும் எழுதினேன். கொழும்புக்கு வந்த காரணம் என்ற இடத்தில் நெடுநேரம் யோசித்து "பிறப்பு" என்று எழுதினேன். (இவர் இன்றைக்கும் சொல்வார்: "பிள்ளைக்குத் தொட்டில் வாங்க முதல் பதிவு எடுத்த ஒரே தாய் நீர்தான்.")

அந்தக் குழந்தைக்குப் பதினான்கு மாதம் ஆகியிருந்தபோது நடந்தது இது.

அப்போது நான் சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போய், ஒரு தேவாலயத்தின் பின்னாலிருந்த மண்டபத்தில் ஆறு பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். கிழமை முழுவதும் பால் கரைத்து, நப்பித் துணி தோய்த்து, குழந்தையின் தும்மலுக்கு அகராதி எழுதிக்கொண்டிருந்த என்னை, அந்த மூன்று மணித்தியாலம் மட்டும் ஆறு பேர் "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். அதற்காக நான் மூன்று பஸ் மாறிப் போகவும் ஆயத்தமாக இருந்தேன்.

ஆறு பேருக்கும் விஞ்ஞானம் என்றால் பைத்தியம். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமான பைத்தியம். விஜிதன் எதையும் நக்கிப் பார்க்காமல் நம்பமாட்டான். நிர்மலா எதையும் அளக்காமல் நம்பமாட்டாள். ஒருநாள் பிரசங்கம் நடக்கும்போது பாதிரியாரின் நிழலை அடிமட்டத்தால் அளந்து பிடிபட்டவள். ஒருவன் சாப்பாட்டுப் பெட்டியில் தவளை கொண்டுவருவான். இன்னொருவன் வீட்டில் மின்மணி செய்யப்போய் லேன் முழுவதையும் இருட்டாக்கினான். அவனுடைய தம்பி ஸ்பிரிட் விளக்கை நெருங்கிப் பார்த்து ஒரு புருவத்தை இழந்தான். ரொஷானி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவரின் மகள், விநாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒரே போத்தலில் விட்டு மூடியை இறுக்கி, என்ன நடக்கும் என்று பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்தவள்.

சாரணர்களுக்கு முடிச்சுப் போட்டால் ஒரு சின்னம், கூடாரம் அடித்தால் ஒரு சின்னம் கொடுக்கிறார்கள். இந்த ஆறு வீரர்களுக்கும் ஏன் கொடுக்கக்கூடாது? வருடத்தின் கடைசி வகுப்பில் ஆளுக்கொரு சின்னம் தருவதாக வாக்குக் கொடுத்தேன். அதன்பின் ஒரு மாதமாக அவர்கள் வேறு பாடம் எதையும் காதில் வாங்கவில்லை.

பால்மாப் பெட்டி மட்டையை வட்டமாக வெட்டினேன். சிவப்பும் மஞ்சளும் பூசப்போனேன். சேர்த்துப் பார்த்தால் ஏதோ கொடி மாதிரி இருக்குமோ என்று பச்சைக்கு மாறினேன். பச்சை ஆமிக்காரரின் நிறமாயிற்றே என்று நீலத்துக்கு மாறினேன். "நீலம் கட்சி நிறமெல்லோ?" என்று இவர் பகிடியாகக் கேட்டார். ஊதாவில் முடித்தேன். ஊதா எவருக்கும் சொந்தமில்லை, தபசு காலத்தில் பாதிரியாருக்கு மட்டும்தான்.

குத்துவதற்கு ஆறு சேப்டி பின் தேவைப்பட்டது. கடையில் கேட்டால் ஆறு பின் எதற்கு என்று விசாரிப்பார்களோ என்று நினைத்து, மகளின் நப்பிப் பின்களைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். நப்பியை முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டேன். (நான் சாரணியாக இருந்ததில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.)

எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் நான் செய்திருப்பது என்ன என்று தெரிந்தது. ஒன்றில் தீ. ஒன்றில் மின்னலும் "லேனை இருட்டாக்கியவர்" என்ற எழுத்தும். ரொஷானியுடையதில் பெரிய வெடிப்பு, கீழே "வெடித்தது, நான் நலம்." இதைப் பையில் போட்டுக்கொண்டு நான் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டும். வழியில் எத்தனை சோதனைச் சாவடிகள்!

"இஞ்ச பாரும்," என்றார் இவர், வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டபடி. "ஆறு மட்டைத் துண்டு. பாக்கில போட்டுக்கொண்டு போம். ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"கேட்டா?"

"கேட்டாப் பிறகு யோசிப்பம்."

"கேட்டாப் பிறகு எனக்கு யோசனை வராது. அதாலதான் முதலே யோசிக்கிறன்."

அவர் போனதும் நான் யோசித்து முடித்துவிட்டேன். சின்னங்களையும் பொலிசில் காட்டி ஒரு கடிதம் வாங்கிவிட்டால் என்ன? ஆளுக்குப் பதிவு இருக்கிறது, பொருளுக்கு இருக்காதா? சின்னங்களின் விபரத்தை ஆங்கிலத்தில், கார்பன் தாள் வைத்து, மூன்று பிரதி எழுதினேன். பிள்ளையைப் பார்ப்பதாக இருந்த கீழ்வீட்டு அன்ரிக்குப் பல்வலி. ஆகவே மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு தமிழச்சியாக, எவரும் கூப்பிடாமல், என் சொந்தக் காலில் பொலிஸ் நிலையத்துக்குள் நடந்துபோனேன்.

மேசையில் இருந்தவர் வயதான ஒரு சார்ஜன்ட். பதிவுகளுக்குப் போகும்போது கண்ட முகம்தான்; தனக்கு நாலு பிள்ளைகள் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆறு சின்னங்களையும் அவர்முன் வரிசையாக வைத்தேன். தவளையை முன்னுக்கும் வெடிப்பைப் பின்னுக்கும் வைக்கும் அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

"மே மொனவத?" என்றார். இவை என்ன என்று கேட்டார்.

என் சிங்களம் இரண்டு இடங்களில் படித்தது. ஒன்று மீன்கடை, மற்றது சோதனைச் சாவடி. ஆகவே எனக்குத் தெரிந்த சொற்கள் ஒன்றில் மீன் வகையாக இருக்கும், அல்லது ஆயுதமாக இருக்கும். நான் திக்கித் திணறுவதைப் பார்த்து அவரே தமிழுக்கு வந்தார்.

"இது யார் போடுறது?"

"பிள்ளைகள், ஐயா."

"எத்தினை பேர்?"

"ஆறு."

"தலைவர் யார்?"

"தலைவர் இல்லை. நான்தான் எல்லாம்."

அவர் பேனாவை எடுத்தார். "ட்ரெயினிங் எங்கே?"

"கொட்டாஞ்சேனை. சனிக்கிழமை சனிக்கிழமை."

"என்ன ட்ரெயினிங்?"

இலையில் மாப்பொருள் இருப்பதை அயடீனால் கண்டுபிடிப்பது பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு கடைசிச் சின்னத்தை நகத்தால் தட்டினார். "இது?"

வெடிப்பு என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லை அந்த இடத்தில் சொல்லக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது. ஆகவே சொல்லாமல், மகளை மேசையில் இருத்திவிட்டு, கன்னங்களை ஊதி, இரண்டு கைகளையும் அகல விரித்து, "டும்!" என்று காட்டினேன். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பொலிஸ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நோனா, பெரியவர் வரவேணும்," என்றார் சார்ஜன்ட். "மூன்று மணிக்கு வருவார். அதுவரை இது எல்லாம் இங்கே."

மூன்று மணிக்குத்தான் என் வகுப்பு. ஆறு பிள்ளைகள் மண்டபத்து வாசலில் நிற்பார்கள். இனி அடுத்த வருடம்தான் வகுப்பு. யார் யார் திரும்பி வருவார்கள் என்று அந்தக் காலத்தில் எவராலும் சொல்ல முடியாது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் நான் அழுவதற்கு முன்பே மகள் வேலையைத் தொடங்கிவிட்டாள்.

சார்ஜன்ட் பெரிய புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு சின்னமாக எழுதத் தொடங்கினார். ஆறாவது வரியில் மகள் மேசையில் எழுந்து நின்றாள். என் முடிச்சு அவிழ்ந்தது. நப்பி மெல்ல, மரியாதையாக, கீழே இறங்கியது. அடுத்து என்ன வரும் என்பது நாலு பிள்ளை பெற்ற அந்த மனிதருக்கு என்னைவிட முதலே தெரிந்திருந்தது.

"அய்யோ, பொத்த!" என்று கத்தி, அரசாங்கத்தின் புத்தகத்தை ஒரு கையால் இழுத்துக் காப்பாற்றினார். மறுகையால் நப்பியைப் பிடித்தார். "பின் எங்கே?"

நான் மேசையைக் காட்டினேன். பின்கள் எல்லாம் சின்னங்களில் இருந்தன. ஒட்டுப் போட்டு இறுக்கியிருந்ததால் தனியாகக் கழற்ற முடியாது. அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு கைக்கு எட்டிய ஒன்றை எடுத்து, குழந்தையைத் திருப்பி, நான் ஒருபோதும் கட்டாத அழகில் நப்பியை மடித்துக் குத்திவிட்டார். என் மகளின் பின்புறத்தில் இப்போது பெரியதொரு ஊதா வெடிப்பு. "வெடித்தது, நான் நலம்."

பிறகுதான் சிக்கல். புத்தகத்தில் ஆறு என்று எழுதியாகிவிட்டது. மேசையில் இருப்பது ஐந்து. ஆறாவதைக் கழற்றினால் நப்பி விழும். கழற்றாமல் ஆறையும் தடுத்து வைப்பதென்றால் குழந்தையையும் தடுத்து வைக்கவேண்டும். அவர் புத்தகத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். குழந்தை அவருடைய தொப்பியைச் சப்பிக்கொண்டிருந்தது.

"நோனா," என்றார் களைத்த குரலில், "ஏன் வந்தது? யாராவது கூப்பிட்டதா?"

"இல்லை, ஐயா."

எழுதியதை எல்லாம் ஒரே கோடாக வெட்டினார். ஒரு தாளை எடுத்து நாலு வரி எழுதி, முத்திரை குத்தித் தந்தார். இதைக் கொண்டுவருபவர் விஞ்ஞான ஆசிரியை, இவரிடம் மட்டையில் செய்த ஆறு சின்னங்கள் உண்டு, ஐந்து பையில், ஒன்று குழந்தையில். "யன்ன, நோனா, யன்ன," என்று வாசலைக் காட்டினார். போய்விடு என்பதை அவ்வளவு கெஞ்சலாக நான் கேட்டதில்லை.

இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். கோட்டைக்குப் போகும் வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரப் பெடியன் என் பையைத் திறந்து, பால் போத்தலைக் கண்டதும் மூடிவிட்டு, போகலாம் என்று கை காட்டினான்.

நான் போகவில்லை. கடிதத்தை நீட்டினேன். கஷ்டப்பட்டு வாங்கிய கடிதமல்லவா!

அவன் வாசித்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான். பையிலிருந்த ஐந்தையும் எண்ணினார்கள். ஆறாவது எங்கே என்று விரலால் கேட்டார்கள். பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் வரிசையில் நின்று பார்க்க, நான் மகளைத் திருப்பி, சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

எனக்குப் பின்னால் மரக்கறிப் பையோடு நின்ற அம்மா ஒருத்தி சொன்னது வரிசை முழுவதற்கும் கேட்டது: "பிள்ளை, உனக்கு என்ன விசரே? அவன் போகச் சொன்னவனெல்லோ!"

கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர மூன்றே முக்கால். ஆறு பேரும் படியில் இருந்தார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். தவளைக்காரன் சிரித்துச் சிரித்துப் படியிலிருந்து விழுந்தான். ஐந்து சின்னங்களையும் குத்திவிட்டேன். ரொஷானியின் முன்னால் வந்ததும் என் கை வெறுமையாக இருந்தது.

"ரொஷானி, உம்மட சின்னத்தை வீட்ட போய்க் கழுவி..."

"வேணாம் டீச்சர்! அது பேபிக்கே இருக்கட்டும்," என்றாள். "நான் போத்தலைத்தான் வெடிக்க வச்சன். அவ பொலிஸ் ஸ்டேசனையே கலக்கிட்டா."

நான் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அவர்கள் சோக்குப் பெட்டியின் மூடியை வட்டமாக வெட்டி முடித்திருந்தார்கள். விளிம்பு சமமாக இருந்தது, நிர்மலா அளந்திருப்பாள். விஜிதன் மையை நக்கியிருந்தான். நடுவில் அகலத் திறந்த ஒரு வாய். கீழே: "கேட்க முதல் சொன்னவர்." ரொஷானி தன் பாவாடை மடிப்பிலிருந்த பின்னைக் கழற்றி அதை என் சேலையில் குத்தினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பம்பலப்பிட்டி வரையில். அங்கேதான் கணக்குப் பார்த்தேன். கடிதத்தில் உள்ளவை ஆறு. என் சேலையில் இருப்பது ஏழாவது. அது கடிதத்தில் இல்லை.

பொலிஸ் நிலையத்தடியில் இறங்கினேன். சார்ஜன்ட் வாசலில் நின்று பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டார். என் சேலையில் இருந்ததைக் கண்டார். கோப்பையை மதிலில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினார்.

"எபா, நோனா," என்றார். வேண்டாம் என்றார். "எபா."

எட்டு வருடமாகிறது. இப்போது இடுப்பில் இரண்டாவது குழந்தை. கடிதம் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது, எடுத்து வைக்க மனம் வரவில்லை. வீட்டில் நான் எதையாவது இரண்டாம் தடவை யோசிக்கத் தொடங்கினால் இவர், "ஒருக்காப் பொலிசில காட்டிப்போட்டு வாருமன்," என்பார். மகள் அலுமாரியைத் திறந்து, வாய் பிளந்த அந்தச் சின்னத்தை எடுத்துவந்து, என் தோளில் குத்திவிட்டுப் போய்விடுவாள்.

இதை எழுதி முடித்ததும் இவரிடம் வாசித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது, அனுப்பும் என்றார்.

"அனுப்பத்தான் போறன்," என்றேன். "ஆனா அச்சில வர முதல், அந்த சார்ஜன்டைத் தேடிப் பிடிச்சு ஒருக்கா..."

மகள் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தாள்.