வாய் பிளந்த படத்துக்கு உரிமை யாருக்கு?

யார் மீதாவது வழக்குப் போட்டே தீருவது என்று முடிவு செய்துகொண்டுதான் அன்று காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினேன். இருபத்திரண்டு வருஷமாகச் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடிந்து அதே பஸ்ஸில் வருகிறேன். எங்கள் பிளாக் வந்ததும் எழுப்பிவிடச் சொல்லிவிட்டுத் தூங்குவது வழக்கம். அன்று தூக்கம் வரவில்லை. தூக்கம்தான் பிரச்சினையே.

புறப்படும் நேரத்தில் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டுத் தன் போனைக் காட்டினார். அதில் நான் இருந்தேன். யூனிபாரம். வயிற்றின் மேல் ஹெல்மெட். மூக்கில் நிலக்கரித் தூள். திறந்திருந்த வாயில் ஒரு ஆரஞ்சுப் பழம் தாராளமாகப் போகும். தலைக்கடியில் புத்தம் புதுத் தலையணை. கீழே கொட்டை எழுத்தில், ‘கண்மணி இலவம்பஞ்சுத் தலையணை. மைன்ஸ்காரரே அசந்துட்டார்.’

“ஜெயராமன், இது எந்த ஷிப்ட்?”

“சார், இது வீடு சார்.”

“சுவரைப் பார்த்தா நம்ம ரெஸ்ட் ரூம் மாதிரி இருக்கே?”

குவார்ட்டர்ஸுக்கும் ரெஸ்ட் ரூமுக்கும் ஒரே மஞ்சள் பெயின்ட். ஒரே டிரம்மிலிருந்து எடுத்து அடிப்பார்கள் போலிருக்கிறது.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அடுத்த வாரம் பாதுகாப்பு வார விழா. ‘விழிப்பான பணியாளர்’ விருதுக்கு என் பெயர்தான் முதலில். நிலக்கரி ஓடும் பெல்ட்டில் கிழிசலைப் பார்த்து, நேரத்தில் நிறுத்தியவன் நான். அடுத்த பெயர் எதிர் குவார்ட்டர்ஸ் விஷ்ணு. அவன் அந்த விருதை வாங்கினால் நான் வேறு பிளாக்குக்கு வீடு மாற்றிக்கொண்டு போகவேண்டியதுதான்.

“வீட்டுல எடுத்ததுன்னு ஆதாரத்தோட நாளைக்கு எழுதிக் குடுங்க” என்றார் அதிகாரி.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் போனில் சட்டம் படித்தேன். வீட்டுக்குள் நுழையும்போது பாதி வக்கீலாகியிருந்தேன்.

“சுப்பு, எவனோ என் படத்தைத் திருடி நெட்டுல போட்டுட்டான்.”

என் மனைவி சுப்புலட்சுமி காபியை வைத்துவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தாள். “நல்லாத்தானே இருக்கு.”

“என்ன நல்லா இருக்கு? வாயைப் பாரு.”

“நான் தலையணையைச் சொன்னேன்.”

“சிரிக்காத. சட்டம் இருக்கு. ஒருத்தரு எடுத்த படத்தை அவரு அனுமதி இல்லாம எவனும் போடக் கூடாது.”

“எடுத்தவரா, படத்துல இருக்கறவரா?”

“எடுத்தவருதான். தெளிவா எழுதியிருக்கு.”

“எங்க, இன்னொரு தடவை படிங்க.”

படித்தேன். கோர்ட்டில் நிற்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

“அப்ப படத்துல இருக்கறவருக்கு ஒண்ணும் இல்லையா?”

“அவரு சும்மா கிடக்கறவரு. உழைப்பு எடுத்தவரோடது.”

சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது. அதே சூட்டோடு புகார்ப் படிவத்தைத் திறந்தேன். பெயர், சரி. விலாசம், சரி. மூன்றாவது வரி: ‘படத்தை எடுத்தவர் பெயர்.’

விரல் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

“சுப்பு, எடுத்தது நீயா?”

“கையெழுத்து கேப்பீங்கன்னு கண்ணாடியை எடுத்து வச்சிருக்கேன்.”

“போடு. அந்தக் கண்மணிக்காரனை உள்ள தள்ளிடலாம்.”

“அவன் இல்லீங்க, அவங்க. ரெண்டு பேரு. ஒருத்தி நம்ம பக்கத்து வீட்டு எழில்மதி.”

“இன்னொருத்தி?”

சுப்பு ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தாள். தரையிலிருந்து பரண் வரை தலையணை. ஒன்று உருண்டு வந்து என் காலில் விழுந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டேனே. ‘ம்’னீங்க.”

“எப்போ?”

“அந்தப் படம் எடுக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி.”

சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எழில்மதியின் குரல் வந்தது. “அண்ணே, ஆர்டரு வந்துகினே இருக்குதுண்ணே. எல்லாம் உங்க மொகராசி.”

எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தத் தலையணை ஒன்றைக் கிழித்திருப்பேன். பஞ்சை நான்தான் கூட்டி அள்ளவேண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.

“உடனே அந்தப் படத்தை நெட்டுலேர்ந்து எடுத்துடு.”

“எடுத்துடறேன். ஆதாரத்துக்கு எங்க போவீங்க? வெட்டாத முழுப் படம் என் போன்லதான் இருக்கு. அதுல கொடியில என் புடவை காயுது. ரெஸ்ட் ரூம்ல புடவை காயுமா?”

“சரி, அதைக் குடு.”

“வார லீவுல குறிஞ்சிப்பாடி போய் தலையணை உறைக்குத் தறித்துணி வாங்கிட்டு வருவீங்களா?”

“எத்தனை வாரம்?”

“நீங்க ரிட்டயர் ஆகற வரைக்கும்.”

ஒத்துக்கொண்டேன். விஷ்ணுவை நினைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

ஒரே ஆறுதல், சுப்பு பெயரில் போகும் கடிதத்தை நான்தான் எழுதினேன். பஸ்ஸில் படித்த சட்டத்தை வீணாக்க மனம் வரவில்லை. ‘இணைத்துள்ள படம் எங்கள் வீட்டில் நான் எடுத்தது. இந்த ஒரு படத்தை மட்டும் அலுவலகம் பயன்படுத்த அனுமதிக்கிறேன். நான் எடுத்த வேறெந்தப் படத்தையும் என் எழுத்துபூர்வ அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது.’ சுப்பு இரண்டு தடவை படித்துவிட்டு, அழகாகக் கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி புடவையைப் பார்த்தார். நம்பினார். விருது எனக்கே என்று உறுதியாயிற்று. அலுவலகத்தில் போட்டோ கேட்டார்கள். அக்கா மகன் கல்யாணத்தில் டை கட்டி எடுத்த படத்தை அனுப்பிவைத்தேன்.

விழா அன்று தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு போனேன். வாசலிலேயே அதிகாரி மடக்கினார்.

“அந்த டை கட்டின படமும் உங்க மனைவி எடுத்ததாமே?”

“ஆமா சார். அவதான்.”

“அதான் சிக்கல். அனுமதி இல்லாம வேற படம் கூடாதுன்னு அவங்க கடிதத்துலயே போட்டிருந்ததே. போன் பண்ணி அனுமதி கேட்டேன். ‘அவரே மனு எழுதிக் கேட்கட்டும், யோசிக்கிறேன்’னாங்க. நேரம் இல்ல ஜெயராமன். அனுமதியோட ஃபைல்ல இருந்தது ஒண்ணுதான்.”

மேடைக்குப் பின்னால் பத்தடி பேனர். ‘இந்த ஆண்டின் விழிப்பான பணியாளர்.’ அதன் கீழே நான், வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே கொடியில் புடவை. ஓரத்தில் சின்ன எழுத்தில், ‘படம்: சுப்புலட்சுமி.’

எல்லோருக்கும் முன்னால் விஷ்ணுதான் ஓடிவந்து கை கொடுத்தான்.

“அண்ணே, எனக்கு ரெண்டு தலையணை.”